கட்டடத்துக்கு வலது, நமக்கு இடது

பல் டாக்டருக்கு வாய் என்றால் இரண்டு வகை. ஒன்று, நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர் முன்னால் திறப்பது. இன்னொன்று, தெருவோரம் நின்றுகொண்டு அவர் கேமராவுக்கு முன்னால் திறந்து கிடப்பது. வளைவு வைத்த வாசல், துருத்திக்கொண்டு நிற்கும் பால்கனி, நடுவில் ஒரு மனை மட்டும் காலியாகக் கிடக்கும் கடைத்தெரு, எதைப் பார்த்தாலும் தொழில் ஞாபகம் வந்துவிடும். "இந்தத் தெருவுக்குக் கம்பி கட்டினா வரிசையா நிக்கும்" என்று அவர் சொன்னால் அது மின்சாரக் கம்பி இல்லை என்பது அவர் மனைவிக்குத் தெரியும்.

வார நாளெல்லாம் பல், ஞாயிற்றுக்கிழமை கட்டடம். கழுத்தில் கேமராவும் தோளில் முக்காலியுமாக அவர் கிளம்பினால், விவரம் தெரியாதவர்கள் அவரை நில அளவைக்காரர் என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள். விவரம் தெரிந்தவர்களும், எதற்கும் இருக்கட்டும் என்று, நடைபாதையில் பரப்பி வைத்த பூந்தொட்டிகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

ஊரில் 'கட்டடமும் சோலையும் படக்கலை மன்றம்' என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கடையில் சதுர அடிக் கணக்கில் டைல்ஸ் விற்பவர், மன்றத்தில் 'கட்டடத்தின் ஆன்மா'வையும் ஏறக்குறைய அதே மாதிரிதான் அளந்து கொடுத்தார். இந்தப் படத்தில் ஆன்மா நிறைய இருக்கிறது, அந்தப் படத்தில் கொஞ்சம் போதவில்லை, இதில் சுத்தமாக இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். எப்படித் தெரிகிறது என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

மன்றத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இரண்டு பிரிவுகள். 'பயணத்தில்' எடுத்த படங்கள் முன்கூடத்தில், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கோடு தொங்கும். 'வீட்டருகே' எடுத்தவை கழிவறைக்குப் போகும் வழியில், ஒரே ஒரு டியூப் லைட்டின் தயவில் தொங்கும். அங்கே பார்க்க வருகிறவர்கள் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் நின்று நிதானமாகப் பார்க்கும் மனநிலையில் யாரும் வருவதில்லை.

டாக்டரின் படங்கள் இதுவரை அந்த வழியைத் தாண்டியதில்லை. தபால் நிலையத்துச் சுழல் படிக்கட்டு, பூங்காவின் கொடிப்பந்தல், குன்றின் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி என்று எல்லாம் அங்கேதான் தொங்கின. ஒரு தடவை தலைவர் கை கழுவிவிட்டு, ஈரக் கையோடு, தண்ணீர்த் தொட்டிப் படத்தின் முன்னால் நின்றார். "நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்றார். "ஆனா இது நம்ம தண்ணித் தொட்டியாச்சே!"

அந்த 'ஆச்சே' டாக்டரின் நெஞ்சில் மீன்முள் மாதிரி குத்தி நின்றுவிட்டது. அன்றைக்கே முடிவு செய்தார். அடுத்த கண்காட்சியில் முன்கூடத்தின் நடுச்சுவரில் தன் படம் தொங்கியாக வேண்டும். அதற்கு ஒரு மாளிகை வேண்டும். மாளிகைக்கு ஒரு பயணம் வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலா ஒன்றில் தனக்கும் மனைவிக்கும் இடம் போட்டார். புது லென்ஸ் ஒன்றும் வாங்கினார்.

அவர் மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் பக்கத்து வீட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அது மனைவியின் அண்ணன் வீடு. அவர் கப்பலில் சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் அவரைக் 'கேப்டன்' என்று கூப்பிட்டார்கள், அவரும் மறுக்கவில்லை. "கேப்டனே என்னைக் கேட்டுத்தானே சாப்பிட்டாரு?" என்பது அவர் தரப்பு நியாயம். கரைக்கு வந்தவர் வீடு கட்டுகிறேன் என்று அனுமதி வாங்கிக் கப்பலைக் கட்டிவிட்டார். முன்பக்கம் கூம்பி முனையாக நிற்கும். ஜன்னல் எல்லாம் வட்டம். மொட்டை மாடியில் சுவருக்குப் பதில் வெள்ளைக் குழாய் அடைப்பு. பெரிய புகைபோக்கி ஒன்று. அதற்குள் இருப்பது தண்ணீர் டேங்க். தோட்டத்தில் ஒரு புதரை டால்பின் வடிவத்தில் வெட்டி வளர்த்திருந்தார். டால்பின் என்பது அவர் சொல்வது. பெரியவர்கள் கத்தரிக்காய் என்றார்கள். பிள்ளைகள் பன்றி என்றார்கள்.

"ஏன் மாப்பிள்ளை, ஊரு உலகத்து வீட்டையெல்லாம் படம் புடிக்கிறீங்க. நம்ம வீட்டை ஒண்ணு புடிக்கக்கூடாதா?" என்று கேட்பார் கேப்டன்.

"புடிச்சிடலாம் மச்சான். இன்னைக்கு வெளிச்சம் சரியில்ல."

தெருவில் எல்லா வீட்டின் மேலும் விழுந்த வெளிச்சம், அந்த ஒரு வீட்டின் மேல் மட்டும் வருடக்கணக்கில் சரியாக விழவே இல்லை. அந்தத் தெருப்பக்கமே வந்திராத மன்றத்துக்காரர்களுக்கு, இப்படி ஒரு வீடு கட்டியவர் தன் மைத்துனர் என்று தெரிந்தால் தன் ரசனைக்கே சொத்தை விழுந்துவிடும் என்று டாக்டருக்குப் பயம்.

இருந்தாலும் புது லென்ஸைச் சோதித்துப் பார்க்க, எதிரே எது இருக்கிறதோ அதைத்தானே எடுக்க வேண்டும்? இரவெல்லாம் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் மாடியில் நின்று கப்பல் வீட்டை ஒரே ஒரு தட்டுத் தட்டினார். அதைப் படம் எடுத்த கணக்கில் சேர்க்கக்கூடாது. ஊசி போடும் முன் ஒரு துளி பீய்ச்சிப் பார்ப்போமே, அந்த மாதிரி.

பயணத்தில் மாளிகை கிடைத்தது. கிடைத்தது என்றால், கூடவே ஏழெட்டுப் பேருந்துக் கூட்டமும் கிடைத்தது. கோடு போட்டு வெட்டிய புல்வெளி, அளவெடுத்து வைத்த மரங்கள், நடுவில் குளம், குளத்துக்கு அப்பால் தூண்கள் வைத்த மாளிகை. ஒருவர் தலையும் தெரியாமல் எடுக்க வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. டாக்டர் புல்லில் குப்புறப் படுத்தார்.

"என்னங்க, எழுந்திருங்க. புல்லை மிதிக்கக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கான்."

"நான் எங்க மிதிச்சேன்? படுத்திருக்கேன்."

"நல்லா இருக்கு வக்கீல் பேச்சு. அங்க ஒருத்தர் வர்றாரு பாருங்க."

வந்தவர் தோட்டக்காரர். அவர் பாஷை இவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் கையிலிருந்த ரப்பர் குழாய் எல்லோருக்கும் புரிகிற பாஷையில் பேசியது. சட்டை நனைவதற்குள் டாக்டர் படத்தை எடுத்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் பேருந்தின் ஜன்னலோரத்தில் சட்டையை உலர்த்திக்கொண்டே வந்தார்.

"இதே மாதிரி எங்க அண்ணன் தோட்டத்துல படுத்திருந்தா ஒரு டீயாவது கொடுத்திருப்பாரு" என்றாள் மனைவி.

"உனக்கு ஆன்மா புரியாது."

"நெஞ்சுல சளி புடிச்சா எனக்குத்தானே தெரியப்போகுது?"

இங்கே டாக்டரின் வலது பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பல் வைத்தியத்தில் வலது என்றால் நோயாளிக்கு வலது. எதிரே நின்று பார்க்கும் வைத்தியருக்கு அது இடது. இதில் தடுமாறினால் நல்ல பல் கையோடு வந்துவிடும், சொத்தைப் பல் வாயிலேயே தங்கிவிடும். ஆகவே, எதிரே இருப்பது எதுவானாலும் அதனுடைய வலதுதான் வலது என்பது டாக்டரின் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. "சட்டை அலமாரியில வலது பக்கம் இருக்கு" என்பார். "அலமாரிக்கு வலதா, நமக்கு வலதா?" என்று கேட்டுக்கொண்டுதான் மனைவி கதவைத் திறப்பாள். குடும்பம் நடத்திப் பழகியவளுக்கு அந்தக் கேள்வி தெரியும். பிரிண்ட் கடைப் பெண்ணுக்குத் தெரியாது.

புது லென்ஸ் கிட்டத்தில் எப்படி, தூரத்தில் எப்படி என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மாளிகையையும் கப்பல் வீட்டையும் டாக்டர் கணினியில் அக்கம்பக்கமாக ஒட்டி வைத்திருந்தார். கண்காட்சி நெருங்கிய அவசரத்தில் அதையே கடைக்கு அனுப்பிவிட்டார். கடைப் பெண் ஃபோனில் கூப்பிட்டபோது அவர் முன்னால் ஒருவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தார்.

"சார், இதுல ரெண்டு படம் இருக்கே. எதைப் பெருசாப் போடணும்?"

"வலது பக்கம் இருக்கிறதும்மா."

"வலதுதானே சார்? ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?"

"இத்தனை வருஷமா வலது எது, இடது எதுன்னு பார்த்துத்தான்மா பல்லைப் புடுங்கிட்டிருக்கேன்!"

நாற்காலியில் கிடந்தவர் மிரண்டு போய் வாயை மூடிக்கொண்டார்.

"சரிங்க சார். கீழ என்ன எழுதணும்?"

"'கடல் கடந்த மாளிகை. பயணத்தில் எடுத்தது.' கண்ணாடிச் சட்டம் போட்டு நேரா மன்றத்துக்கே அனுப்பிடுங்க. நான் அங்க பார்த்துக்கறேன்."

கண்காட்சி தொடங்கும் நாளன்று டாக்டருக்குக் கடைசி நோயாளியின் கடைவாய்ப்பல் லேசில் வரவில்லை. அவரும் மனைவியும் போய்ச் சேரும்போது தாமதமாகிவிட்டது. கூடவே, கூப்பிடாமலே, கேப்டனும் வந்திருந்தார். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை, பளபளக்கும் காலணி.

"நீங்க எதுக்கு மச்சான் சிரமப்பட்டு..."

"இதுல என்ன சிரமம் மாப்பிள்ளை? எங்க வீட்டு மாப்பிள்ளை படம் மாட்டுறாங்க, நான் வராம யார் வருவா?"

முன்கூடத்தின் நடுச்சுவருக்கு முன்னால் கூட்டம் மொய்த்திருந்தது. தலைகள்தான் தெரிந்தன. தலைகளுக்கு மேலே ஒரு விளக்கு. விளக்குக்குக் கீழே தலைவரின் குரல். டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. நடுச்சுவர்! மனைவியின் முழங்கையைப் பிடித்து, கேள் என்பது போல ஜாடை காட்டினார்.

"முந்நூறு வருஷமாவது இருக்கும்" என்று தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் அந்தப் பக்கம் போயிருந்தப்ப இதை வெளியில நின்னு பார்த்திருக்கேன். உள்ள விட மாட்டாங்க. கடலை ஆண்ட குடும்பம். அதனாலதான் பாருங்க, கட்டினவன் கல்லுல கட்டல, அலையில கட்டியிருக்கான்!"

கூட்டம் 'ஆஹா' என்றது. குளத்தைத்தான் அலை என்கிறார் போலும் என்று டாக்டர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

"இந்தப் புகைபோக்கியைக் கவனிங்க. குளிர்நாட்டுக்காரன் கணப்புக்குன்னே கட்டினது. இந்த வட்ட ஜன்னல் ஒவ்வொண்ணும் ஒரு கண்ணு. அப்புறம் தோட்டம். இதைப் பார்த்தவுடனே தெரியலையா, இது என்னன்னு? டால்பின்! என்ன கைத்திறன், என்ன ஆன்மா!"

டாக்டர் இரண்டு தோள்களுக்கு நடுவே தலையை நுழைத்துப் பார்த்தார். மாளிகை இல்லை. விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அவ்வளவு பெரிதாக, பக்கத்து வீடு நின்றது.

"அலமாரிக்கு வலது" என்று மெதுவாகச் சொன்னாள் மனைவி. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கேப்டனோ பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். வீட்டைப் பார்த்ததனால் மட்டும் அல்ல. உலகத்தில் முதல் முறையாக ஒரு மனிதர், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அதை டால்பின் என்று சொல்லிவிட்டார்.

தலைவர் இன்னும் முடிக்கவில்லை. குச்சியால் படத்தின் மேல்மூலையைத் தொட்டார். "கடைசியா இந்தச் சிவப்புக் கொடி. சாதாரணக் கொடின்னு நினைச்சுடாதீங்க. துறைமுகத்துக்குக் கப்பல் வரலாம்னு சொல்ற சமிக்ஞை. பரம்பரை பரம்பரையா அந்தக் குடும்பத்துல காலையில ஏத்தி, சாயங்காலம் இறக்கிடுவாங்க."

"ஏத்துறது இறக்குறது எல்லாம் சரிதாங்க" என்றார் கேப்டன், மரியாதையாக. "ஆனா அது கொடி இல்ல. என் துண்டு."

தலைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின.

"நீங்க யாரு?" என்றார் தலைவர்.

"வீட்டுக்காரன்."

"எந்த வீட்டுக்கு?"

"இந்த வீட்டுக்குத்தாங்க. டாக்டர் வீட்டுக்கு அடுத்த வீடு. நீங்க சொன்ன மத்ததெல்லாம் ரொம்ப அருமை. அந்த முந்நூறு வருஷத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க. சுண்ணாம்பு அடிச்சே இன்னும் மூணு வருஷம் ஆகல."

யாரோ ஒருவர் இருமினார். இருமல் சிரிப்பாக மாறி, கூடம் முழுக்கப் பரவியது. தலைவரின் முகம் கடையில் விற்காமல் தங்கிப்போன டைல்ஸ் போலாகிவிட்டது. டாக்டரின் தோளைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"டாக்டர், பிரிண்ட் கடையில படத்தை மாத்திட்டாங்க, அதானே?"

"அது வந்து..."

"அதேதான். தப்பு நடந்துபோச்சுன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும். உங்க நிஜ மாளிகையை நாளைக்குக் கொண்டுவாங்க. இதே இடம், இதே விளக்கு. நான் மனசுல வச்சுப் பேசினது அந்த மாளிகையைத்தான்னு ஆயிடும். இதைக் கழட்டிக் கொடுத்துடலாம். இல்ல, இதுதான் உங்க படம்னு சொன்னீங்கன்னா, விதின்னு ஒண்ணு இருக்கு. 'வீட்டருகே' அந்தப் பக்கம்தான் போகணும்."

அந்தப் பக்கம் எந்தப் பக்கம் என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுச்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அது பொய்யும் இல்லை.

தூணுக்கு அந்தப்புறம் கேப்டனின் குரல் கேட்டது. முன்பின் தெரியாத யாரோ ஒரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எப்பக் கேட்டாலும் வெளிச்சம் சரியில்ல, வெளிச்சம் சரியில்லன்னே சொல்லுவாருங்க. மனுஷன் தட்டிக்கழிக்கிறாருன்னுதான் நான் நினைச்சேன். உள்ளுக்குள்ள வச்சிருந்திருக்காரு பாருங்க! சொல்லாம கொள்ளாம எடுத்து, நடுச்சுவத்துல மாட்டி, மாளிகைன்னு பேரும் போட்டுட்டாரு. நான்கூட அதை மாளிகைன்னு சொன்னதில்லீங்க. வீடுன்னுதான் சொல்லுவேன்."

டாக்டர் தூணுக்குப் பின்னாலிருந்தே படத்தைப் பார்த்தார். சொல்லப்போனால், அதை அவர் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார். கண்ணில் பட்டிருந்தது, பார்த்ததில்லை. மழை கழுவிவிட்ட முனை பளிச்சென்று நின்றது. கீழே தெருவை நீர்ப்புகை மூடியிருந்தது. மண்ணில் கட்டிய வீடு ஒரு காலை நேரம் மட்டும் யாருக்கும் சொல்லாமல் மிதந்திருக்கிறது. துண்டு ஒரு பக்கமாகக் காற்றில் எழும்பியிருந்தது. அந்த மாளிகையை நினைத்துப் பார்த்தார். அந்தப் படத்தில் குறை ஒன்றுமே கிடையாது. கடையில் விற்கும் அஞ்சலட்டை எப்படி இருக்குமோ அப்படியே வந்திருந்தது. அதற்காகத்தான் புல்லில் படுத்து நனைந்தார் என்பதை நினைத்தால் அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

"என்ன டாக்டர், சொல்லிடலாமா?" என்றார் தலைவர்.

"தப்பு ஒண்ணும் நடக்கல" என்றார் டாக்டர். "இந்தப் படம்தான் என் படம்."

"யோசிச்சுத்தான் பேசறீங்களா? அப்ப அது அந்தப் பக்கம்..."

"போகணும். தெரியும். ஆணியை நானே புடுங்கிடறேன். புடுங்குறது நமக்குப் பழக்கம்தானே?"

படத்தை இறக்கிக் கீழே வைத்ததும், டாக்டர் பேனாவை எடுத்து, சட்டத்தின் கீழே ஒட்டியிருந்த சீட்டில் பெயரை அடிக்கப் போனார். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாளிகையில கை வைக்காதீங்க. அண்ணன் உடைஞ்சு போயிடுவாரு."

"கடல் கடந்ததையாவது அடிக்கட்டுமா?"

"அதுவும் இருக்கட்டும். அவரு கடல் கடந்துட்டு வந்துதானே கட்டினாரு?"

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. 'பயணத்தில் எடுத்தது' என்பதை மட்டும் அடித்துவிட்டு, 'மொட்டை மாடியிலிருந்து எடுத்தது' என்று எழுதினார்.

கழிவறைக்குப் போகும் வழியில் ஆணி அடிக்கும்போது அவருக்கு ஒரே ஒரு கவலைதான். நடுச்சுவரில் பார்த்த வீட்டை இங்கே பார்த்தால் மச்சானின் முகம் வாடிப்போகுமே என்பது. கேப்டன் வந்தார். டியூப் லைட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே நின்ற வரிசையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"வேற வழியில்ல மச்சான். விதி அப்படி" என்றார் டாக்டர்.

"என்ன மாப்பிள்ளை இப்படிச் சொல்றீங்க? இதுதான் இடம்!" என்றார் கேப்டன். "அங்க ஒரு பார்வை பார்த்துட்டு நகர்ந்துடறான். இங்க எப்படி நகருவான்? கப்பல்லயும் நான் சேதி சொல்றது சாப்பாட்டு வரிசையிலதான். வரிசையில நிக்கிறவன் காது நம்ம காது."

சொன்னதோடு நிற்கவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வந்தவர்களுக்கெல்லாம் முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வட்ட ஜன்னலாகச் சுற்றிக் காட்டினார். வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வரலாம் என்று அழைப்பும் விடுத்தார். துண்டுக் கதை முன்கூடத்தில் அதற்குள் பரவிவிட்டிருந்ததால், கழிவறைக்கு அவசியமே இல்லாதவர்களும் வரத் தொடங்கினார்கள். முன்கூடத்தில் மாளிகைகள் தனித்தனி விளக்குகளின் கீழே தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

கடைசியில் தலைவரும் வந்தார். ஆன்மா எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உடம்புக்கென்று சில தேவைகள் இருக்கின்றன. வரிசையில் அவருக்கு முன்னால் ஆறேழு பேர் நின்றார்கள். முதலில் சுவரைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார், வேறு எதுவும் பார்ப்பதற்கு இல்லாமல் படத்தைப் பார்த்தார்.

"வாங்க வாங்க" என்றார் கேப்டன், பழைய சிநேகிதரைப் பார்த்தது போல. "டால்பின்னு கண்டுபுடிச்சவராச்சே நீங்க! இந்த ஊருல கண்ணு இருக்கிற ஒரே ஆளு. எங்க விட்டேன்? ஆங், இந்த மூணாவது ஜன்னல்."

தலைவர் கழுத்தை நீட்டினார். தன்னை அறியாமல் ஒரு அடி முன்னால் வந்தார். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். கதவு திறந்தது, கடைசி ஆளும் வெளியே வந்தார்.

"தலைவரே, உங்க முறைதான். போங்க" என்றார் டாக்டர்.

"இருங்க டாக்டர், அவசரப்படுத்தாதீங்க." தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த மூணாவது ஜன்னலுக்குள்ள என்ன இருக்கு?"

"அதுவும் இதே மாதிரி ரூம்தாங்க" என்றார் கேப்டன், கதவைக் காட்டி. "ஆனா அங்க உட்கார்ந்தா வானம் தெரியும்."

வரிசை முழுவதும் சிரித்தது. தலைவரும் சிரித்தார், முதலில் கொஞ்சமாக, பிறகு அடக்க முடியாமல். யாரோ ஈரக் கையால் ஜன்னலைச் சுட்டிக் காட்ட, கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து வழிந்தது. டாக்டர் கைக்குட்டையை எடுத்து, வாய் கொப்பளித்த நோயாளியின் மோவாயைத் துடைப்பது போல அதைப் பதமாகத் துடைத்தார்.

உள்ளே போகவேண்டிய தேவை ஒன்றும் அவருக்கு இல்லை. இருந்தாலும் மனைவியையும் அழைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.